ஐந்தாம் எண் கண்ணாடி

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

நானும் அண்ணியும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் பாலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? டிரங்க் காலில் இதைக் கேட்டு முடிப்பதற்குள் மூன்று நிமிடம் ஓடிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நம் நகர மண்டபத்துக்கு வரும் செப்டம்பரில் நூறு வயது. ஊரே கொண்டாடத் தயாராகிறது. ஆனால் ஒரு கண்டம் இருக்கிறது. சபைக்கூடத்தின் தெற்குச் சுவரில், மூன்றாவது ஜன்னலின் தலைமாட்டில் தொடங்கி வளைவுக் கூரை வரைக்கும் ஒரு விரிசல். மேயர் மூன்று பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார். தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முழக்கோல். மடக்கு ஸ்கேலை விரித்து அளக்காமல் மனிதர் ஒரு நாற்காலியில்கூட உட்கார மாட்டார்.

குழுவின் முடிவு இது. விரிசல் பழையது, இனி நகராது என்றால் பூசிவிட்டு விழா. இன்னும் நகர்கிறது என்றால் அஸ்திவாரம் போய்விட்டதாக அர்த்தம். முகப்பை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுப் பின்னாலிருப்பதை எல்லாம் இடித்து ஏழு மாடி கட்டுவார்கள். அதற்கு வரைபடம்கூடப் போட்டாயிற்று. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு கட்டடம்.

விரிசலின் குறுக்கே ஒன்பது இடத்தில் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருக்கிறேன். விரல் அகலம், மெல்லிசு. இரு முனையிலும் சாந்து வைத்து, மேலே எண்ணும் தேதியும் எழுதியாயிற்று. சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஜூன் கடைசி வரை ஒவ்வொரு திங்களும் ஏணியில் ஏறிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது முழக்கோலே என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்தச் சுவரு அவர் பேச்சைத்தான் கேக்கும். அவரே பாக்கட்டும்." முப்பத்தொரு வருடக் கட்டடக் கண்காணிப்பாளருக்கு வேறென்ன வேண்டும்? டிசம்பரில் ஓய்வு பெறும்போது மண்டபத்தை முழுசாக ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். மூக்கு மட்டும் காலையிலேயே சிவந்துவிடுகிறது. ஆற்றின் நடுவே நாலாவது தூண் எழும்பிவிட்டது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. உனக்கு அந்த மண்டபம். சின்ன வயதில் என்னை அதன் கோபுரத்துக்கு இழுத்துப்போய் நூற்று அறுபத்திரண்டு படியையும் எண்ண வைத்தவனல்லவா நீ? நூற்று அறுபத்தொன்று என்று சொன்னதற்காகத் திரும்ப இறக்கி ஏற வைத்தாய். நான் இஞ்சினீயர் ஆனதற்கு அந்தக் கோபம்தான் காரணம்.

எனக்கு விரிசலின் படம் ஒன்று வரைந்து அனுப்பு. ஒன்பது பட்டையும் எங்கெங்கே என்று குறி. முழங்காலுக்கு எண்ணெய் தேய். ஏணியில் ஏறும்போது கீழே யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை

பிப்ரவரி 20

என் அருமைத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூக்குக்கு ஒரு கம்பளித் துணி அண்ணி பின்னுகிறாள், மூக்குக்கு அளவு எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. நாங்கள் நலம்.

படம் இத்துடன் இருக்கிறது. ஐந்தாம் எண், ஜன்னல் வளைவின் உச்சிக்கு நேர் மேலே. ஏழு வாரமாக ஒன்பதும் முழுசு. பதிவேட்டில் "முழுசு" என்று எழுதும்போது பள்ளிக்கூடத்தில் நூறு மார்க் வாங்கின மாதிரி இருக்கிறது.

இன்னொரு சேதி. நூற்றாண்டு மலருக்கு மண்டபத்தின் வரலாற்றை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பழைய கோப்புகளைப் புரட்டினால் ஒரே ஆச்சரியம். கட்டும்போது இந்த ஊரில் ஒரே ஒரு கடைத்தெரு, நாலு வண்டிப்பேட்டை. சபையில் மொத்தம் பதினோரு பேர். அவர்கள் அறுநூறு பேர் உட்காரக் கூடம் கட்டினார்கள்! "பதினோரு பேருக்கு ஒரு மைதானமா?" என்று பத்திரிகை கிண்டல் செய்தது. முதல் தலைவரின் பதில் சபைக் குறிப்பில் இருக்கிறது: "நாங்கள் எங்களுக்காகக் கட்டவில்லை, கேட்க வரப்போகிறவர்களுக்காகக் கட்டுகிறோம்." படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வடிவமைத்தவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு, ஒரு காது கேட்காது. அதனால் கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் குரல் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் செங்கல்லில் வளைவுக் கூரை போட்டார். பக்கத்துக்கு ஏழு ஜன்னல், எல்லாம் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு.

கீழே பிறப்புக்கு இடப்பக்கக் கவுண்டர், இறப்புக்கு வலப்பக்கம். கல்யாணத்தைப் பதிய மட்டும் மாடி ஏற வேண்டும். அதுதான் முதல் சோதனை என்று கல்யாணப் பதிவாளரம்மா சிரிப்பார்.

நான் செய்ததையும் மலரில் ஒரு வரி எழுதப்போகிறேன். நிலவறையில் ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்த நாலாயிரத்துச் சொச்சம் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்குப் பக்கத்து மேல்மாடிக்கு ஏற்றுகிறேன். சுவர் நெடுக இரும்பு அலமாரி. மீதியை மார்ச், ஏப்ரலில் ஏற்றிவிட்டால் நூறு வருடத்து மனிதர்கள் அத்தனை பேரும் ஈரம் படாமல் இருப்பார்கள்.

நேரத்துக்குத் தூங்கு.

உன் அண்ணன்

மார்ச் 12

அன்பு அண்ணாவுக்கு,

சுகம். கம்பளி வந்தது, மூக்குக்கு இல்லை, முழங்கைக்குப் போட்டுக்கொண்டேன். அண்ணியிடம் பொருந்தியது என்று சொல்.

மலர்க் கட்டுரையை அப்படியே எனக்கு ஒரு படி அனுப்பு. உன் கடிதத்தை இங்கே என் மேலதிகாரிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் பேசுறதைக் கேட்டா அந்தக் கட்டடத்துக்கு நானே டிக்கெட் எடுத்துடுவேன்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி ஒவ்வொரு கடிதத்திலும் பட்டைகளின் நிலையை எண் போட்டு எழுது. படத்தில் நானும் குறித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை

ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. வேலை கழுத்து வரை. உன் உடம்பு எப்படி? இங்கே எல்லோரும் நலம்.

முகப்புச் சிவப்புக் கல்லைச் சோப்பு நீரில் கழுவி முடித்தோம். உள்ளே ரோஜா நிறம் இருந்தது யாருக்குமே தெரியாது! தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "புதுசா கட்டினீங்களா?" என்றார். "ஆமாம், நூறு வருஷம் முன்னாடி" என்றேன். பெரிய படிக்கட்டின் பளிங்கைத் தேய்த்தோம். கோபுரக் கதவுக்கு எண்ணெய் விட்டோம்.

பட்டைகள்: ஒன்று முதல் நான்கு வரை முழுசு. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது முழுசு. பதிவேடுகளில் முக்கால்வாசி மேலே போய்விட்டன. மார்ச் இருபதாம் தேதி பெரிய சுமை ஒன்று ஏற்றினோம். இந்த மாதக் கடைசியில் மிச்சமும் போய்விடும்.

சபைக்கூடத்தில் நாற்காலிகளை எல்லாம் வடக்குப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன். அங்கே வெளிச்சம் நன்றாக விழுகிறது.

உன் அண்ணன்

பின்குறிப்பு: நான் அண்ணி. கடுதாசியை ஒட்டச் சொல்லிக் குடுத்தார், இடம் இருந்துச்சு, எழுதறேன். நீ நல்லா இருக்கியா? உங்க அண்ணனுக்குச் சாப்பாடே எறங்கல. கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கறார். போன மாசக் கடைசியில கண்ணாடிக் கடைக்கு வேற போயிட்டு வந்தார். நம்ம வீட்டுல ஒரு ஜன்னலும் உடையல. நீயாவது கேளு.

ஏப்ரல் 30

அண்ணாவுக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

ஐந்தாம் எண் எப்படி?

உன் தங்கை

மே 19

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் சின்னதாக இருந்தது, வேலை அதிகமோ?

இங்கே கோபுரத்துக்குக் கொடிக்கம்பம் வந்திருக்கிறது. விழாவுக்கு அறுநூறு பேருக்கும் அழைப்பு அச்சாகிறது. மலரில் என் கட்டுரை நாலாம் பக்கம். அண்ணிக்கு ஒரு பல்லில் வலி, பிடுங்கியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் தொலைந்து கிடைத்துவிட்டது. வேறு விசேஷமில்லை.

உன் அண்ணன்

ஜூன் 1

அண்ணா,

அண்ணியின் பல்லும் பக்கத்து வீட்டுச் சைக்கிளும் நலமென்று அறிந்து சந்தோஷம். நான் கேட்டது ஐந்தாம் எண்.

உனக்குப் பொய் சொல்ல வராது. சொல்லாமல் விடத்தான் வரும். அம்மாவின் சீப்பை உடைத்தபோது மூன்று நாள் நீ சீப்பு என்ற வார்த்தையையே பேசவில்லை, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போதும் அதே கதை. நாலுக்கு அப்புறம் ஆறு வருகிறது. நாற்காலிகள் தெற்குச் சுவரை விட்டு ஓடுகின்றன. நீ கண்ணாடிக் கடைக்குப் போகிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். போன வருடம் இங்கே ஒரு சாரம் சரிந்தது. ஒருவருக்கு இரண்டு காலும் போய்விட்டன. அளவு பார்த்தவர் கெட்டவர் இல்லை அண்ணா. வேலையின் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஒரே ஒரு நாள் அளவு சரியில்லை, எழுதினால் வேலை நின்றுவிடுமே என்று எழுதவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ அப்படி உட்காரக் கூடாது.

செப்டம்பரில் அந்த வளைவுக்குக் கீழே அறுநூறு பேர். இப்போதும் வியாழக்கிழமை தோறும் சபை அங்கேதானே கூடுகிறது? உன் மண்டபம் போய்விடும் என்று பயப்படுகிறாய். எனக்கும் பயம்தான். ஆனால் சொல்லிவிடு. ஐந்தாம் எண் எப்படி?

முழங்காலைக் கவனி.

உன் தங்கை

ஜூன் 11

என் தங்கைக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. திங்கள் காலை முழக்கோலின் அறைக்குப் போனேன்.

"ஐயா, அஞ்சாம் நம்பர் உடைஞ்சிருக்கு."

"இன்னைக்கா?"

"மார்ச் இருபத்தி நாலு ஒரு தடவை. ஏப்ரல் இருபத்தெட்டு ஒரு தடவை. ரெண்டு தடவையும் புதுசு ஒட்டி, மேல பழைய தேதியை நானே எழுதிட்டேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. கையிலிருந்த ஸ்கேலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "கூடத்தைப் பூட்டிட்டுச் சாவியை எங்கிட்ட குடுங்க" என்றார். முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சாவியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. பதிவேட்டில் இரண்டு இடத்தில் "முழுசு" என்பதை அடித்து "உடைந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதுசை ஒட்டிவிட்டுப் பார்த்தால் முழுசாகத்தானே இருக்கிறது, அதைத்தானே எழுதினோம் என்று பதினோரு வாரம் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் பேனா அந்த எண்ணைத் தாண்டிக் குதித்தது. அவ்வளவு கர்வம் எனக்கு. என் மண்டபம் உடையாது என்ற கர்வம்.

என் பணிப்பதிவேட்டில் கண்டனம் எழுதுவார்கள். மலரிலிருந்து கட்டுரையை எடுத்துவிட்டார்கள். விழா கூடத்தில் இல்லை. ஏழு மாடி வரைபடம் மறுபடி மேயர் மேஜைக்கு வந்துவிட்டது. மண்டபம் என்னால்தான் போகப்போகிறது. அண்ணி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள், சாப்பிட்டேன்.

உன் அண்ணன்

தந்தி, ஜூன் 19

மேல்மாடிப் பதிவேடுகளை உடனே இறக்கு. முழக்கோலிடம் சொல். கடிதம் பின்னால். தங்கை.

ஜூன் 19

என் அண்ணாவுக்கு,

சுகம், சந்தோஷமாகவும் இருக்கிறேன். நீ சொன்னதற்காக. படித்து முடித்ததும் அழுதேன், அது உனக்கு எதற்கு.

இனிக் கணக்கைப் பார். நீ மார்ச் 20 பெரிய சுமை ஏற்றினாய். 24 திங்கள் உடைந்தது. ஏப்ரல் கடைசியில் மிச்சத்தை ஏற்றினாய், 28 உடைந்தது. உன் படத்தில் மேல்மாடி உத்தரங்களின் முனை எங்கே வந்து உட்காருகிறது பார்த்தாயா? மூன்றாவது ஜன்னல் வளைவின் உச்சந்தலையில். பதிவேடு ஒன்று ஐந்து கிலோ என்றாலும் நாலாயிரத்துக்கு இருபது டன். நாலு யானையைப் பரணில் கட்டி வைத்துவிட்டு, சுவர் ஏன் முனகுகிறது என்று கேட்கிறாய்!

அஸ்திவாரம் போகவில்லை அண்ணா, பாரம்தான் இடம் மாறிப்போயிருக்கிறது. நீ சொன்ன தேதிகள் உண்மையாக இருந்ததால்தான் எனக்கு இது தெரிந்தது. இந்தக் கடிதத்தை முழக்கோலிடம் அப்படியே கொடு. யானைகளை இறக்கிவிட்டு, அவரே புதிதாக ஒன்பது பட்டை ஒட்டி ஆறு மாதம் பார்க்கட்டும். நீ ஏணிப் பக்கமே போகாதே.

அண்ணியைக் கட்டிக்கொண்டதாகச் சொல்.

உன் தங்கை

ஜூலை 6

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். எனக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, காரணத்தைக் கேள்.

உன் தந்தியை முழக்கோல் நாலு தடவை படித்தார். கடிதம் வந்ததும் ஸ்கேலும் கையுமாக மேல்மாடிக்குப் போனவர், இறங்கி வந்து, "உங்க தங்கச்சிக்கு நம்மகிட்ட வேலை போட்டுக் குடுக்கலாமா?" என்றார்.

நிலவறை ஈரம். அப்படியென்றால் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவேட்டை எங்கே வைப்பது? மேயர் தன் வரவேற்பறையை விட்டுக்கொடுத்தார். சோபா தாழ்வாரத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மேல்மாடியிலிருந்து தரைவரை படிக்கட்டு நெடுக வரிசையாக நின்றோம். கவுண்டர் எழுத்தர்கள், ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பத்திரிகையில் படித்துவிட்டு வந்த ஊர்க்காரர்கள். கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். கல்யாணப் பதிவாளரம்மா வீட்டுக்காரரையும் அழைத்து வந்திருந்தார். நடுவில் ஒருவர் தான் பிறந்த வருடத்தைத் திறந்து தன் பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "பொறந்தாச்சு, நகருங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. இந்த ஊரில் பிறந்ததற்கு அன்றைக்குப் போல நான் பெருமைப்பட்டதில்லை.

மறுநாள் முழக்கோல் தன் கையாலேயே ஒன்பது பட்டை ஒட்டினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கண்டனமும் எழுதியாயிற்று. நியாயம்தான்.

செப்டம்பர் விழா முன்படிக்கட்டில், வெயிலில். குடை கொண்டுவரச் சொல்லி அழைப்பில் ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறோம். அந்த வேலை என்னுடையது.

உன் அண்ணன்

டிசம்பர் 31

என் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் பாலத்தில் வண்டி ஓட ஆரம்பித்ததைப் பத்திரிகையில் பார்த்தோம். அண்ணி அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள்.

இன்றோடு எனக்கு ஓய்வு. நேற்று சபை கூடியது, சபைக்கூடத்திலேயே! ஆறு மாதமாக ஒன்பதும் முழுசு. நானும் போனேன். பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை, தெரியுமா? நின்றிருக்கிறேன், ஏறியிருக்கிறேன், தரையில் படுத்து உத்தரம் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் இன்னும் அழகாக இருக்கிறது.

முழக்கோல் அறிக்கை படித்தார். சுவர் உறுதி, அஸ்திவாரம் உறுதி, இடிக்கத் தேவையில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு அடுத்த வரி: "ஐந்தாம் எண் கண்ணாடி இருமுறை உடைந்ததைப் பதினோரு வாரம் மறைத்தவர் கட்டடக் கண்காணிப்பாளர். எவரும் கேட்காமலே முன்வந்து அதைச் சொன்னவரும் அவரே."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் தட்டவும் ஆரம்பித்தார்கள். நான் எழுந்தேன். பொதுமக்கள் பெஞ்சிலிருந்து பேச அனுமதி இல்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசினேன்.

"ஐயா, ஒரு திருத்தம். கேக்காம சொல்லல. என் தங்கச்சி கேட்டா. ரெண்டு தடவை கேட்டா, ரெண்டாவது தடவைதான் சொன்னேன்."

மேயர் முழக்கோலைப் பார்த்தார், முழக்கோல் தலையாட்டினார். "திருத்தம் சரி. பதிவு பண்ணுங்க" என்றார் மேயர். எழுத்தர் உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இன்று காலை என் மேஜையைக் காலி செய்துவிட்டு நடவடிக்கைக் குறிப்பைப் போய்ப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. உன் பெயரை எழுத்தர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பக்கத்தில் நின்று சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்